வாகை: வென்றியா, மேன்மையா? பண்டைத் தமிழ் இலக்கியத்தில் விளையாட்டு, கலை வல்லோரின் பெருமை

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டிலும் கலையிலும் ஒருவரைப் பெரியவர் ஆக்குவது வெற்றியா, வேறு ஒன்றா என்னும் வினாவுக்குப் பண்டைத் தமிழ் இலக்கியம் தரும் விடையை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலின் வாகை இலக்கணம், புறநானூற்றின் ஆமூர் மற்போர்ப் பாடல்கள், வெண்ணிப் போர், தலையாலங்கானப் போர் பற்றிய பாடல்கள், கலித்தொகை முல்லைக்கலி, சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆகியன முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வென்றி என்பது நிகழ்ச்சி. பெருமை என்பது அந்நிகழ்ச்சியில் வெளிப்படும் ஆளின் தன்மை. இவ்விரண்டையும் தமிழ் மரபு வேறுபடுத்திக் கண்டது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: வாகை, வென்றி, பெருமை, பெருமிதம், மற்போர், ஏறுதழுவுதல், தலைக்கோல்.

1. முன்னுரை

'வாகை சூடினார்' என்னும் தொடர் இன்று 'வெற்றி பெற்றார்' என்னும் பொருளில் மட்டுமே வழங்குகிறது. போட்டியில் முதலிடம் பெற்றவரும், பரிசு பெற்ற கலைஞரும், தேர்தலில் வென்றவரும் இத்தொடராலேயே குறிக்கப்படுகின்றனர். இவ்வழக்கு, வாகை என்னும் திணைக்கு இலக்கண நூலார் அளித்த விரிந்த பொருளின் ஒரு பகுதியை மட்டுமே தாங்கி நிற்கிறது. எஞ்சிய பகுதி மறைந்தமையால், வென்றவரே பெரியவர் என்னும் கருத்து தமிழ் மரபின் கருத்தாகவும் கொள்ளப்படுகிறது. மூலங்களை நோக்கினால் அக்கருத்துக்கு முழுமையான சான்று கிடைப்பதில்லை. வென்றவனைப் பாடும் பாட்டிலேயே தோற்றவனை மேலானவன் என்று கூறும் புலவரும், போட்டியாளனின் கைவிரைவை அளக்கக் கட்டில் பின்னும் தொழிலாளியின் ஊசியை எடுத்துக்கொள்ளும் புலவரும் இம்மரபில் உள்ளனர். இவர்கள் எதனைப் பெருமையாகக் கண்டனர் என்பதை முறைப்படக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வாகை: வெல்லுதலும் மிகுதலும்

தொல்காப்பியர் வாகையைப் பாலை என்னும் அகத்திணைக்குப் புறனாக வைத்தார். கேடற்ற கொள்கையோடு தத்தமக்கு உரிய கூறுபாட்டைப் பிறரினும் மிகுதிப்படுத்துவது வாகை என்பது அவர் வகுத்த இலக்கணத்தின் கருத்தாகும். இதில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இலக்கணத்தின் மையமாக அமைவது மிகுதிப்படுத்தலே. பகைவனை அழித்தல் அதன் மையத்தில் இல்லை. இரண்டாவது, மிகுவிக்கப்படுவது 'தத்தம் கூறு' ஆகும். எனவே ஒருவர் தமக்குரிய துறையில் அடையும் வளர்ச்சியே அளவுகோலாகிறது. மூன்றாவது, அவ்வளர்ச்சி கேடற்ற கொள்கையோடு பொருந்தியிருத்தல் வேண்டும். கேட்டின் வழியே வந்த மிகுதி இவ்விலக்கணத்துள் அடங்காது.

அடுத்து வரும் நூற்பா வாகையின் வகைகளை ஏழாகத் தொகுக்கிறது. பார்ப்பனர், அரசர், ஏனோர், அறிவன், தாபதர், பொருநர் ஆகியோரைச் சுட்டிய பின், அவை போன்ற பிற நிலைகளையும் அது சேர்த்துக்கொள்கிறது. இவ்விறுதி வகைக்கு உரை காணும் இளம்பூரணர், வாளாலும் தோளாலும் பொருது வெல்லுதலுக்கு அப்பால், சொல், பாட்டு, கூத்து, சூது, தகர்ப்போர், பூழ்ப்போர் ஆகியவற்றால் வெல்லுதலையும் வாகைக்குள் அடக்குவார். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையும் தன் ஒழிபுப் பகுதியில் மல்வென்றி, யாழ்வென்றி, சூதுவென்றி, ஆடல்வென்றி, பாடல்வென்றி முதலியவற்றை ஒருங்கே வைத்துப் பாடுகிறது. மற்போர் வீரனும் யாழ் வல்லோனும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். விளையாட்டு உடலைச் சார்ந்தது, கலை உள்ளத்தைச் சார்ந்தது என்னும் பிற்காலப் பாகுபாடு இங்கு இல்லை.

இவ்விடத்து ஒரு தடை எழக்கூடும். வாகையின் முதல் வகைகள் பிறப்பு வழிப்பட்ட குழுக்களைச் சுட்டுவன. ஆகவே 'தத்தம் கூறு' என்பது பிறப்பால் விதிக்கப்பட்ட தொழிலையே குறிக்கும் எனலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கது அன்று. நூற்பாவின் முற்பகுதிக்கு அது பொருந்தவும் செய்யும். ஆயின் அறிவன், தாபதர், பொருநர் என்னும் வகைகள் செய்யும் செயலால் பெயர் பெற்றவை. இறுதி வகையோ எவ்வகைத் திறனுக்கும் இடம் தருமாறு திறந்தே உள்ளது. பிறப்பில் தொடங்கிய பட்டியல் செயலில் முடிகிறது. இந்த நகர்வை நூற்பாவைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுவன பாடல்கள்.

3. ஆமூர்க் களம்: காண்போரும் அளவுகோலும்

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூரில் மல்லன் ஒருவனோடு பொருது வென்றதைப் புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் பாடுகின்றன. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை; பின் மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. ஒரு விளையாட்டு நிகழ்ச்சியை இரு புலவர்கள் பல கோணங்களில் கண்டு பாடிய தொகுதி என்ற வகையில் இவை தனிச் சிறப்புடையன.

80ஆம் பாடல் போரின் நுட்பத்தைக் காட்டுகிறது. கிள்ளி ஒரு காலை மல்லனின் மார்பில் மண்டியிட்டு, மறு காலால் அவன் செய்யும் சூழ்ச்சியை முதுகுப்புறத்தே தடுக்கிறான். பசியோடு மூங்கிலைத் தின்ன முயலும் யானை உவமையாகிறது. இவ்வருணனையின் நடுவே புலவர் கிள்ளியின் தந்தையாகிய தித்தனை நினைக்கிறார். அவன் விரும்பினும் விரும்பாவிடினும் மகனின் இந்நிலையைக் காண வேண்டும் என்கிறார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே மனவேறுபாடு இருந்தது என ஆய்வாளர் கருதுவதற்கு இவ்விடம் அடிப்படையாகும். களத்தில் வெற்றி கிட்டிவிட்டது; காண வேண்டியவர் கண்டு ஏற்பது கிட்டவில்லை. வெற்றியால் நிரப்ப இயலாத அந்த வெற்றிடத்தைப் பாடல் மறைக்கவில்லை.

82ஆம் பாடலின் உவமை மேலும் கருதத்தக்கது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது; மனைவி மகப்பேற்று நிலையில் இருக்கிறாள்; மழை பெய்கிறது; ஞாயிறு மறைகிறது. இந்நெருக்கடியில் கட்டிலை வாரால் பின்னி முடிக்க விரையும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசியைப் போலக் கிள்ளியின் போர் விரைந்தது என்கிறார் சாத்தந்தையார். அத்தொழிலாளியைப் பாடல் இழிசினன் என்னும் சொல்லால் குறிக்கிறது. அக்காலச் சமூகம் அவனை வைத்திருந்த இடத்தை அச்சொல் காட்டுகிறது. ஆயினும் அரச மரபில் வந்த வீரனின் கைவிரைவை அளக்கப் புலவர் தேர்ந்தது அவனது கைத்தொழிலையே. பெயரால் தாழ்த்தப்பட்டவன் திறத்தால் அளவுகோலாகிறான். முற்பகுதியில் சுட்டிய தடைக்கு இப்பாடல் முழு விடையாகாது. இழிவுச் சொல் அதில் இருக்கவே செய்கிறது. எனினும் திறன் பிறப்பின் எல்லையை மீறி ஒப்புமைக்கு உரியதாகிறது என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

நக்கண்ணையாரின் பாடல்கள் கைக்கிளைத் திணையில் அமைந்தவை. 84ஆம் பாடலில் கிள்ளி புற்கை உண்டும் பெருந்தோள் உடையவனாகக் காட்டப்படுகிறான். அரச வாழ்வின் வளம் அவனது வலிமைக்குக் காரணம் அன்று. வறுமையிலும் குன்றாத உடற்பயிற்சியும் உள்ளுரமுமே காரணம் என்னும் குறிப்பு இதில் உண்டு. 85ஆம் பாடல் பார்வையாளரின் மனநிலையைத் தீட்டுகிறது. அவ்வூரும் அந்நாடும் கிள்ளிக்கு உரியன அல்ல. ஆகவே வெற்றி அவனுடையது என ஒரு சாராரும், அன்று என மற்றொரு சாராரும் கூறுகின்றனர். அந்த இருவகைப் பேச்சையும் கேட்ட பெண், தன் இல்லத்துப் பனையில் சாய்ந்து நின்று வெற்றி அவனுடையதாதலைத் தானே காண்கிறாள். அயலூர்க் களத்தில் ஆடும் வீரனுக்கு நிகழும் இடர் இது: செயல் ஒன்றாக இருக்க, சார்பு அதனை இரண்டாக்குகிறது. ஊர்ச் சார்பைக் கடந்து உண்மையைக் காணும் கண்ணும் பெருமை நிலைபெறத் தேவை என்பதை இப்பாடல் உணர்த்துகிறது.

4. வென்றவனும் மேலானவனும்

வென்றியும் பெருமையும் வேறுபடும் இடத்தை மிக வெளிப்படையாகக் காட்டுவது புறநானூற்று 66ஆம் பாடல். வெண்ணிக் களத்தில் வென்ற கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் நேர்நின்று பாடுகிறார். அவனது முன்னோரின் கடல் ஆட்சியையும் அவனது போர்த்திறனையும் போற்றியபின், புறப்புண் பட்டமைக்கு நாணி வடக்கிருந்த சேரன் அவனினும் நல்லன் அல்லனோ என வினவுகிறார். தோற்றவனைத் தேற்றுவதற்காகச் சொல்லப்பட்ட மொழி அன்று இது. வென்றவனின் அவையில், அவன் செவியில் விழுமாறு கூறப்பட்ட மதிப்பீடு. களம் யாருடையது என்னும் வினாவுக்கும் பெருமை யாருடையது என்னும் வினாவுக்கும் வெவ்வேறு விடைகள் இருக்கக்கூடும் எனப் புலவர் அறிவிக்கிறார். அப்பாடல் கரிகாலனைப் பாடியதாகவே தொகுக்கப்பட்டு நிலைத்தது என்பதும் எண்ணத்தக்கது.

வென்றவன் தன்னளவில் எவ்வாறு பெரியவனாகிறான் என்பதற்கு 77ஆம் பாடல் சான்றாகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய பாடல் இது. சிறுவர் அணியும் ஐம்படைத்தாலி இன்னும் கழற்றப்படாத இளையோன், தன்னை எதிர்த்து வந்தோரைக் கண்டு வியக்கவும் இல்லை, இகழவும் இல்லை. அவர்களைப் பற்றி நிலத்தில் வீழ்த்திய பின்னர் அதற்காக மகிழ்ந்து தருக்கவும் இல்லை. போருக்கு முன் உள்ள அமைதியைக் காட்டிலும் வெற்றிக்குப் பின் உள்ள அமைதிக்கே புலவர் மிகுந்த அழுத்தம் தருகிறார். எதிரியை மிகையாக மதித்து அஞ்சாமை, குறைவாக மதித்து இகழாமை, வென்றபின் தன்னை மிகையாக மதியாமை என்னும் மூன்றும் ஒரே மனநிலையின் மூன்று வெளிப்பாடுகள். இவ்விரு பாடல்களும் போர்க்களம் சார்ந்தவை என்றாலும், போட்டி நிகழும் எக்களத்துக்கும் பொருந்தும் மதிப்பீட்டை அவை தருகின்றன.

5. ஏறுதழுவுதலும் குரவையும்

சோழன் நல்லுருத்திரன் பாடிய முல்லைக்கலியில், படைக்கலம் ஏதுமின்றி ஏறு தழுவும் ஆயர் இளைஞர்கள் காட்டப்படுகின்றனர். இப்பாடல்களில் வெற்றியாளரின் பெயர்ப் பட்டியல் இல்லை. காளையின் நிறம், கொம்பு, சீற்றம் ஆகியவையும் பாய்வோரின் துணிவும் புண்ணும் விரிவாகப் பேசப்படுகின்றன. குடர் சரிந்த பின்னும் களத்தினின்று நீங்காத வீரன் ஒருவன் காட்டப்படுகிறான். கொம்புக்கு அஞ்சுவோனை ஆயமகள் மறுபிறப்பிலும் ஏற்க மாட்டாள் எனக் கூறுமிடத்து, தோல்வி பழிக்கப்படவில்லை, அச்சமே பழிக்கப்படுகிறது.

எதிர்நின்ற காளைக்குத் தரப்படும் மதிப்பு இவற்றினும் நுட்பமானது. 101ஆம் கலியில் ஆயனைக் குத்திக் குலைக்கும் காளைக்கு, பாஞ்சாலியின் கூந்தலைப் பற்றியவனது நெஞ்சைப் பிளந்த வீமன் உவமையாகிறான். மனிதன் வீழும் இடத்தில் விலங்குக்குக் காப்பிய வீரனின் உயர்வு கிட்டுகிறது. எதிராளியின் பெருமையை ஒப்புக்கொள்ளாத களத்தில் வென்றவனுக்கும் பெருமை இல்லை என்னும் உணர்வு இவ்வுவமைக்கு அடிப்படையாகலாம்.

ஏறுதழுவிய பின் ஆயரும் ஆய்ச்சியரும் குரவை ஆடுகின்றனர். புண்பட்ட தோள்களும் கோத்த கைகளும் அங்கு ஒன்றுசேர்கின்றன. தனியொருவன் துணிவாகத் தொடங்கியது பலர் கைகோத்து ஆடும் கூத்தாக முடிகிறது. விளையாட்டையும் கலையையும் வாகையிலக்கணம் ஒருசேர வைத்ததற்கு வாழ்வியல் அடிப்படை இங்கே புலனாகிறது.

6. அரங்கேற்றம்: மதிப்பும் விலையும்

கலைத்துறையில் பெருமை எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு பிறழ்கிறது என்பதற்குச் சிலப்பதிகார அரங்கேற்று காதை முதன்மைச் சான்று. மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். அவள் ஆடுவதைச் சொல்வதற்கு முன் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை ஒவ்வொன்றாக விரிக்கிறார். பின்னர் அரங்கின் அளவு வருகிறது: இருபத்து நான்கு பெருவிரல் அளவுடைய கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூண்களின் நிழல் ஆடுவோர் மீது விழாதவாறு விளக்கு வைக்கப்படுகிறது. ஒருத்தியின் ஆடலைச் சொல்ல இத்தனை பேரும் இத்தனை அளவைகளும் முன்வருவது அணிக்காக அன்று. தனித்திறன் என்பது பலரது பயிற்சியின் மேல் நிற்பது என்னும் கலைக்கொள்கை இதில் உள்ளது.

அரங்கில் முதன்மை பெறும் தலைக்கோலின் வரலாறும் கருதத்தக்கது. புறங்காட்டிய புகழ்மிக்க மன்னரிடமிருந்து கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பே, நவமணியும் பொன்தகடும் பதித்துத் தலைக்கோலாக ஆக்கப்படுகிறது. போர்வென்றியின் பொருள் ஆடல்வென்றியின் சின்னமாக மாறுகிறது. வாளால் வெல்லுதலையும் கூத்தால் வெல்லுதலையும் வாகைக்குள் வைத்த உரையாசிரியரின் கருத்துக்கு இக்கோல் கண்ணால் காணத்தக்க வடிவம் எனலாம்.

ஆயின் காப்பியம் இவ்விடத்தோடு நிற்கவில்லை. மன்னன் மாதவிக்கு மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் வழங்குகிறான். அது கலைக்குத் தரப்பட்ட மதிப்பு. அடுத்த நிலையிலேயே அம்மாலை நகர நம்பியர் திரியும் தெருவில் கூனியின் கையில் விற்பனைப் பொருளாகிறது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கொடுத்து வாங்குவோன் மாதவிக்கு உரியவன் ஆவான். எண்ணிக்கை மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. அவையில் திறத்தின் மதிப்பாக இருந்தது தெருவில் ஆளின் விலையாகிறது. கோவலன் மாலையை வாங்கியதிலிருந்தே கண்ணகியின் துயரமும் தொடங்குகிறது. பெருமையை எண்ணால் குறிக்கும்போது, அவ்வெண் கலைஞரிடமிருந்து பிரிந்து சந்தைக்குச் செல்லும் ஆபத்தைக் காப்பியம் முன்னுணர்ந்து காட்டுகிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் இந்திரவிழாவுக்கு ஆட வாராது மாதவி துறவு மேற்கொள்கிறாள். ஊரார் அலர் உரைக்கின்றனர். தலைக்கோல் பெற்ற நாளில் ஊர் அவளைப் புகழ்ந்தது. தன் வாழ்வைத் தானே தீர்மானித்த நாளில் பழித்தது. அவளது உயர்வு எந்நாளில் மிகுதி என்னும் வினாவை இரு காப்பியங்களையும் சேர்த்துக் கற்போர் தவிர்க்க இயலாது.

7. பெருமிதமும் பெருமையும்

இச்சான்றுகளை இணைத்து நோக்கும்போது ஒரு கருத்து முரண் தோன்றுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதத்தை எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக ஏற்று, கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கையும் அதன் நிலைக்களன்களாகக் கூறுகிறது. திருக்குறளின் பெருமை அதிகாரமோ பெருமிதம் இல்லாமையே பெருமை எனக் கொள்கிறது. ஒரு நூல் ஏற்றதை மற்றொரு நூல் விலக்குகிறதா?

குறளில் வரும் பெருமிதத்துக்குப் பரிமேலழகர் தருக்கு என்னும் பொருள் காண்கிறார். மெய்ப்பாட்டியல் கூறும் பெருமிதம் செயலின்போது உடலிலும் உள்ளத்திலும் தோன்றும் நிமிர்வு. மல்லன்மேல் மண்டியிட்ட கிள்ளியிடமும் அரங்கில் வலக்கால் முன்வைத்து ஏறிய மாதவியிடமும் காணத்தக்கது அது. செயல் முடிந்தபின்னும் அந்நிமிர்வு நீங்காது, பிறரைச் சிறியோராக்கிக் காணும் நோக்காக நிலைத்துவிடுமாயின் அதுவே தருக்காகிறது. நெடுஞ்செழியன் களத்தில் முன்னதை உடையவன். களம் முடிந்தபின் பின்னது இல்லாதவன். எனவே இரு நூல்களும் ஒரே சொல்லால் இருவேறு காலங்களின் மனநிலையைக் குறிக்கின்றன எனக் கொள்வது பொருந்தும். நிமிர்வு இன்றிச் செயல் இல்லை; அதனைக் களத்திலேயே விட்டுவரும் ஆற்றல் இன்றிப் பெருமை இல்லை.

8. முடிவுரை

வாகை இலக்கணம் வெல்லுதலைத் தன்னுள் கொண்டிருப்பினும், கேடற்ற கொள்கையோடு தத்தம் திறனை மிகுவித்தலையே மையமாகக் கொண்டுள்ளது. மற்போரும் யாழும் கூத்தும் அவ்விலக்கணத்துள் ஒருங்கே அடங்குகின்றன.

ஆமூர் மற்போர்ப் பாடல்களில் திறன் பிறப்பைக் கடந்து அளக்கப்படுகிறது. பெருமையை ஏற்பதற்குச் சார்பற்ற பார்வை தேவை என்பதும் அவற்றால் பெறப்படுகிறது. வெண்ணிப் பாடலும் தலையாலங்கானப் பாடலும் தோல்வியிலும் பெருமை இயலும் என்பதையும், வெற்றிக்குப் பின் காக்கும் அடக்கமே வென்றவனைப் பெரியவனாக்கும் என்பதையும் நிறுவுகின்றன. முல்லைக்கலி எதிராளியின் உயர்வை மறுக்காமையையும், அரங்கேற்று காதை பலரது உழைப்பின்மேல் தனித்திறன் நிற்பதையும் காட்டுகின்றன.

பதக்கங்களும் பரிசுத்தொகைகளும் பார்வையாளர் எண்ணிக்கையும் பெருமையின் அளவைகளாகிவிட்ட இன்றைய சூழலில் இம்மரபை மீளக் கற்பது பழம்பெருமை பேசுவதற்கு அன்று. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு அவையில் ஒன்றாகவும் தெருவில் வேறொன்றாகவும் ஆனதைக் கண்ட இலக்கியம் இது. எண் எதனைக் குறிக்கிறது, யாரிடமிருந்து பிரிந்து செல்கிறது என்னும் வினாவை அது இன்றும் எழுப்புகிறது. வாகை என்னும் சொல்லை முழுப்பொருளில் மீட்பது, வென்றவரைப் போற்றும்போதே, அவர் தம் திறனை எவ்வாறு மிகுவித்தார், எதிர்நின்றவரை எவ்வாறு மதித்தார், களம் முடிந்தபின் எவ்வாறு நின்றார் என்பவற்றையும் சேர்த்துக் கேட்கும் மரபை மீட்பதாகும்.